மஞ்சள் துணியில் முடிந்த ஜெட்

மாப்ள,

இன்று காலை ஆனையூரில் உன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து உன் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினேன். மடியில் அந்த மஞ்சள் துணி கிடந்தது. பெட்ரோலும் மஞ்சளும் சேர்ந்து மூக்கில் ஏறின. உலகத்தில் வேறு எந்தத் துணியும் இப்படி மணக்காது. இது நீ பண்ணி வைத்த கூத்து. வாசனை ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காபியைக் கொண்டுவந்து வைத்த உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, "பெட்ரோலு கண்ணுல பட்டுருச்சாண்ணே?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அதுவும் நம்பியது போலவே தலையாட்டிவிட்டுப் போனது.

நடந்ததை முறையாக எழுதுகிறேன். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ இருந்தபோது நடந்ததையோ உன் வசதிக்கு மாற்றித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்தாய். ஆகவே இரண்டையும் நானே எழுதிவிடுகிறேன். குறுக்கே பேச நீ இல்லை என்பது ஒரு சௌகரியம். நாசமாய்ப் போன சௌகரியம்.

எல்லாம் உன் வேட்டியில்தான் ஆரம்பித்தது. சமயநல்லூர்ப் பக்கம் ரோடு அகலப்படுத்தின காலத்தில் நீ தினமும் அந்த வழியாகத்தான் வங்கிக்குப் போய்வந்தாய். டிப்பர் லாரிகள் கிளப்புகிற புழுதியில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, இரண்டாக மடித்து, ஏர் ஃபில்டருக்குக் காற்று போகிற வாயில் கட்டி ரப்பர் பேண்டு போட்டாய். "மனுசன் மூஞ்சில துண்டக் கட்டுறான்ல, வண்டிக்கு மட்டும் வேணாமா?" என்றாய். நியாயம்தான். புழுதி உள்ளே போகவில்லை, எஞ்சினும் கெடவில்லை. நானும் ஒத்தக்கடையில் என் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் வழிப் புழுதிக்கு என் வண்டியிலும் அதையே செய்தேன். கட்டிய துணியை நாம் இருவருமே மறந்தும் போனோம்.

அதற்குப் பிறகு கொடைக்கானல் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதி மலை வரை ஒழுங்காக ஏறிய வண்டி அதற்கு மேல் இருமியது. கறுப்புப் புகை விட்டது. நீ இறங்கி, வழியில் பெட்ரோல் போட்ட பங்க்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாய். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றேன். "நீ ரொம்ப ஆடத் தெரிஞ்சவன், வந்து மிதிடா" என்றாய். மிதித்தேன், கிளம்பியது, அத்தோடு விட்டுவிட்டோம். மலை அன்றைக்கே சொல்லிவிட்டது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

மேலே போகப் போகக் காற்று மெலியும் என்பது நமக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கினதுதான். ஆனால் கார்புரேட்டருக்கு அது தெரியாது என்பது நமக்குத் தெரியவில்லை. ஜெட் என்கிற அந்தச் சின்னப் பித்தளைத் துண்டின் ஓட்டை வழியாக, மதுரையில் எவ்வளவு பெட்ரோலை ஊற்றுமோ ஏறக்குறைய அவ்வளவையே மலை உச்சியிலும் அது ஊற்றும். அதை எரிக்கிற அளவுக்கு அங்கே காற்று இருக்காது. பந்தியில் உட்கார்ந்தவன் போதும் போதும் என்று இலைமேல் கையை மறிக்க மறிக்க, நம் ஊர்க் கல்யாணத்தில் சோற்றைக் கொட்டுவார்களே, அந்தக் கதை. எரியாத பெட்ரோல் கரியாகிப் பிளக்கில் அப்பும். வண்டி பலமிழந்து முக்கும். இப்போது வருகிற சென்சார் வண்டிகள் காற்றைப் பார்த்து அளந்து ஊற்றும். அவற்றுக்கும் பலம் குறையும், ஆனால் அழாது. நம் வண்டி அழும்.

இதெல்லாம் தெரியாமல்தான் லடாக்குக்குக் கிளம்பினோம். ஆளுக்கொரு வண்டியில் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "ரெண்டு வண்டின்னா பேச முடியாது மாப்ள, பேசாம அம்புட்டு தூரம் எவன் போறது?" என்றாய். உன் வண்டியையே எடுத்தோம், நான் ஓட்டினேன். மதுரையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை உன் வயிறு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. இறங்கும்போதெல்லாம் பின்னால் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டை மடக்காமல் விட்டுவிடுவாய். வண்டியைத் தள்ளும்போது என் கெண்டைக்காலில் இடிக்கும். "மடக்கித் தொலைடா" என்று எத்தனை மாநிலத்தில் கத்தியிருப்பேன்! "திரும்ப ஏறத்தான மாப்ள போறேன், எதுக்கு மடக்கணும்?" என்பதுதான் உன் பதில்.

மணாலியில் டீக்கடையில் யாரோ மேலே ரோடெல்லாம் புழுதி என்றதும் உனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லவேண்டும். "புழுதியா? மதுரக்காரன்ட்டயா?" என்று பையிலிருந்து இன்னொரு வேட்டித் துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, அடியில் பழைய துணி கிடப்பதைக் கவனிக்காமல் அதற்கு மேலேயே கட்டினாய். நானும் சிரித்துக்கொண்டே ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுத்தேன். மலையிலேயே காற்று கம்மி. அந்தக் கொஞ்சக் காற்றுக்கும் நாம் நான்கு மடிப்பில் திரை போட்டோம். குளிரில் வண்டி கிளம்பவில்லை என்று மார்கழி மாதம் மதுரையில் பண்ணுகிற மாதிரி சோக்கையும் இழுத்துவிட்டாய். பெட்ரோலில் மூழ்கிக் கிடந்த எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல்.

லடாக் போகிற வழியில் ஒரு கணவாய்க்குக் கீழே, உச்சி கண்ணுக்குத் தெரிகிற ஒரு வளைவில், வண்டி நின்றது. மிதித்தால் ஒரு இருமல், கரும்புகை, மறுபடி மௌனம். நீ இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினாய். நான் முதல் கியரில் போட்டுப் பார்த்தேன். இருபது அடி போகும், நிற்கும். திரும்பிப் பார்த்தபோது உன் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. வண்டிக்கு மூச்சில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவன், உனக்கு மூச்சில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். கீழே இறங்கிக்கொண்டிருந்த லாரியைக் கை காட்டி நிறுத்தி, உன்னிடம் கேட்காமல் வண்டியை ஏற்றினேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

உனக்கு வந்ததே கோபம்! டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவனின் கையைப் பிடித்த மாதிரி உட்கார்ந்து வந்தாய். நீ வாய் திறக்காத பயணம் என்று நம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். கீழே இறங்கி டீ உள்ளே போன பிறகுதான் பேசினாய். "மாப்ள, ஒரு தடவ அது காலாலயே ஏறணும். நம்ம ரெண்டு பேத்தயும் வச்சு ஏறணும். அம்புட்டுதேன்."

வீட்டுக்கு வந்து, இதே மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, வண்டியைப் பிரித்தோம். ஃபில்டர் மூடியைத் திறந்ததும் அந்தத் துணி கையில் வந்தது. கரும்புழுதி அப்பி, தோசைக்கல் துடைத்த துணி மாதிரி இருந்தது. நீ அதைப் பிரித்தாய். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று, நான்கு. என்னைப் பார்த்தாய். அப்புறம் ஆரம்பித்ததுதான் அந்தச் சிரிப்பு. "கழுத்துல துண்டப் போட்டு இறுக்கிப்புட்டு, ஏன்டா மூச்சு விட மாட்டேங்குறன்னு கேட்டுருக்கோம் மாப்ள!" என்று தரையில் உருண்டு சிரித்தாய். என்னவோ ஏதோ என்று உள்ளேயிருந்து ஓடி வந்த தங்கச்சி, விஷயம் தெரிந்ததும், "இதுக்குத்தான் இம்புட்டு தூரம் போயி அந்த மலையத் திட்டிட்டு வந்தீகளா ரெண்டு பேரும்?" என்று ஒரே போடாகப் போட்டது.

மறுநாளே ஓட்டை சின்னதாக இருக்கிற ஜெட் ஒன்றைத் தேடி வாங்கி வந்தாய். ஓட்டை சின்னதென்றால் பெட்ரோல் கம்மி. காற்று கம்மியான இடத்துக்குக் கணக்கு சரியாகும். ஆனி மாதம் மேலே பனி விலகி ரோடு திறந்ததும் போவது என்று முடிவு. அதற்குள் உனக்கு நெஞ்சுவலி வந்தது. இந்த வருடம் மலை, குளிர் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கச்சி மஞ்சளில் துணியை நனைத்து, உனக்கு நல்லபடியாக வேண்டும் என்று கருப்பசாமிக்கு ஒரு ரூபாய் முடியப் போனது. நீ கட்டிலில் படுத்தபடியே அதைக் கூப்பிட்டு, ரூபாய்க்குப் பதிலாக அந்த ஜெட்டை வைத்து உன் கையாலேயே முடிந்தாய். "ரூவா எல்லாருந்தேன் முடியிறாக. என்ன கேக்குறேன்னு சாமிக்கு நேராத் தெரியட்டும்" என்றாய். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டே அதை சாமி படத்தடியில் வைத்தது. மாசியில் நீ போய்ச் சேர்ந்தாய். முடிச்சு அங்கேயே இருந்தது.

நீ போனதும் எனக்கு வந்தது அழுகை இல்லை மாப்ள, கோபம். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கினால் மிஷினை அடித்தேன். உன் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்திருப்பதாகத் தங்கச்சி போன் செய்த அன்று, கடையை அடைத்துவிட்டு ஆனையூருக்கு வந்தேன். படிக்குக் கீழே வண்டி நின்றது. நீ கடைசியாக இறங்கியபோது விட்டபடி, பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்தே கிடந்தன. வந்தவனிடம், "வண்டி விக்கிறதுக்கு இல்லண்ணே, அதுக்கு ஒரு வேல பாக்கி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்காமல் நான் எப்படிச் சொல்லலாம் என்று தங்கச்சி சண்டைக்கு வந்திருக்கலாம். வரவில்லை.

சண்டை என் வீட்டில் நடந்தது. "ஒருத்தரு போனது பத்தலையா? அந்த மலைக்கு ஒங்களையும் குடுக்கணுமா?" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். மலை உன்னைக் கொல்லவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் டாக்டரிடம் போய் நெஞ்சையும் நுரையீரலையும் காட்டி, போகலாம் என்று அவர் வாயால் சொன்னதை அவள் காதால் கேட்கவைத்தேன். அப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். கிளம்புகிற காலையில் தங்கச்சி சாவியைக் கொடுத்தது. கூடவே முடிச்சையும் கொடுத்தது. "சாமிக்கு முடிஞ்சத அவுக்கக் கூடாதும்பாகண்ணே. ஆனா அவரு முடிஞ்சது அந்த மலைக்குத்தேன். நீங்க போயி அவுத்துருங்க."

போகிற வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே போனேன். ஹெல்மெட் போட்டவன் தனக்குத்தானே பேசுவதை இந்தக் காலத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, போன் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். மணாலியில் வைத்து முடிச்சை அவிழ்த்து, மதுரை ஜெட்டைக் கழற்றி, உன் ஜெட்டைப் போட்டேன். மதுரை ஜெட்டை மஞ்சள் துணியில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேட்டித் துணி எங்கேயும் இல்லை என்று இரண்டு முறை கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். சாயங்காலம் தங்குகிற இடத்தில் எல்லாம் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். காலையில் வண்டி கிளம்பச் சுணங்கியபோது சோக்குப் பக்கம் போன கையை நானே அடித்தேன்.

அந்த நாள் வந்தது. வண்டி மெதுவாகத்தான் ஏறியது. ஓட்டையைச் சின்னதாக்கலாம், இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவருவது? ஆனால் இருமவில்லை. கரும்புகை இல்லை. லாரியில் ஏற்றிய அந்த வளைவைத் தாண்டியபோது தெரிந்த சாமி பேரையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். உச்சி வந்துவிட்டது. கொடிகள் படபடத்தன. சென்சார் வண்டியில் வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கி, வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

பின் இருக்கை காலியாக இருந்தது, ஃபுட்ரெஸ்ட் விரிந்து கிடந்தது. போன தடவை இரண்டு பேர், இந்தத் தடவை ஒருவன். அப்படியென்றால் ஏறியது ஜெட்டாலா, நீ இல்லாததாலா? நீ இல்லாததால்தான் ஏறியது என்று எவனாவது சொன்னால் என்னிடம் என்ன பதில் இருக்கிறது? நீ கேட்டது "ரெண்டு பேத்தயும் வச்சு". நான் உன்னை இறக்கி விட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறேன். அந்த உச்சியில், அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவில், எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

அந்த வளைவு வரை இறங்கினேன். ரோட்டு வேலை பார்க்கிற ஒருவர், மேலே போகிற வண்டிக்காகக் கை காட்டிக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் உட்காரச் சொல்லி "பைட்டோ, பைட்டோ" என்றேன். ஒல்லியான ஆள், உன்னில் பாதிகூட இருக்கமாட்டார். காலடியில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம், உருளைக்கிழங்கு. மூட்டையை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது என்று அவர் தயங்கினார். வேண்டாம் என்று விடுவேனா? எனக்கு ஆளைவிட மூட்டைதானே முக்கியம்! இருவருக்கும் நடுவில் மூட்டையை இருத்தினேன். மூட்டை என் முதுகில் இடித்தது. சரியாக உன் வயிறு இடிக்கிற இடம்.

முதல் கியரில் கிளம்பினேன். முதல் கியரிலேயேதான் போனேன். நடந்து போகிறவன் கூட வருகிற வேகம். கடைசி ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. முழுசாக முறுக்கு என்று கை பரபரத்தது. நீயாக இருந்தால் முறுக்கியிருப்பாய். முறுக்கினால் திணறும் என்று கொடைக்கானலிலிருந்து பட்டுத் தெரிந்திருக்கிறதே. கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. "ஏறு ராசா, ஏறு, ஆளு இருக்கு பின்னாடி, கீழ போட்றாத" என்று டேங்கைத் தட்டிக்கொண்டே போனேன். கொடிகள் மறுபடியும் தெரிந்தன. தரை சமமானது.

"ஏறிருச்சு மாப்ள! ஒன்னய வச்சே ஏறிருச்சுடா!" என்று கத்தினேன். அந்த மனிதர் பயந்து இறங்கிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தோளைத் தட்டி, வண்டியைக் காட்டி, "அச்சா காடி" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். நல்ல வண்டி என்று அர்த்தம். அந்தக் காற்றில் அழுதால் மூச்சு வாங்கும் மாப்ள. உட்கார்ந்து உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து இதைத் தங்கச்சியிடம் சொன்னபோது உருளைக்கிழங்கு வரைக்கும் கேட்டது. பிறகு, "அவரு வெயிட்டுக்குச் சரியா இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றது. "இம்புட்டு வருசம் பின்னாடி வச்சு ஓட்டிருக்கேன், முதுகுக்குத் தெரியாதாம்மா?" என்றேன். நீ போன பிறகு அது வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவரும் ஏறிட்டாருன்னே வச்சுக்கிருவோம்" என்றது. வைத்துக்கொள்வதென்ன, ஏறிவிட்டாய்.

இன்று மதுரை ஜெட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். திரும்பும்போது மலையடிவாரத்திலிருந்து வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டதால் இதுவரை மாற்றவில்லை. மலை ஜெட்டை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்துவிடும். உன் ஜெட்டை மறுபடி மஞ்சள் துணியில் முடிந்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை கருப்பசாமி உண்டியலில் போடுவது என்று தங்கச்சி சொல்லிவிட்டது. நேர்ந்துகொண்டதைப் பாக்கி வைக்கக் கூடாதாம். உண்டியல் எண்ணுகிறவர்கள் இது என்ன சாமானோ என்று முழிப்பார்கள். முழிக்கட்டும். சாமிக்குத் தெரியும்.

வண்டியைச் சோதித்துப் பார்க்க ஒத்தக்கடை வரை ஒரு நடை போய்வந்தேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, பின்னாடி ஃபுட்ரெஸ்ட்டு மடக்காமக் கெடக்கு பாருங்க" என்றார். சைடு ஸ்டாண்டு எடுக்காவிட்டால் ஊரே கத்திச் சொல்கிற ஊர் இது, சொல்லாமல் இருப்பார்களா?

"இருக்கட்டும்ண்ணே," என்றேன். "ஆளு இருக்கு."